மின்னல் தொடங்கிய இடம்

காளியாயிக்கு இடிக்காரி என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கை காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒருமுறை வழுக்கி விழுந்தவர் சாகும்வரை வழுக்கல்தான். கலியாண வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டவர் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ரெண்டாம் பந்திதான். அந்தப் பெயர்களிலெல்லாம் ஒரு சிரிப்பு இருக்கும். காளியாயியின் பெயரில் அது இல்லை. அதனால் அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இடது காது கேட்காது என்று தெரிந்த பிறகு, இடப்பக்கமாக நின்றும் சொன்னார்கள்.

டயகமவில் பிறந்து, பழனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு வந்தவள் அவள். பழனியாண்டிக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் வந்து போவான். ஆக, வீட்டில் மூன்று பெண்கள்: மாமியார் அழகம்மா, நாத்தனார் சுலக்ஷனா, காளியாயி. அண்ணியும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுப்பார்கள். காலையில் எதற்காகவோ முறைத்துக்கொண்டு மலையேறுவார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் ராசியாகி, ஒரே வெற்றிலையைக் கிள்ளிப் பகிர்ந்து மென்றுகொண்டு இறங்குவார்கள்.

போன வருடம், சித்திரை வருசத்துக்கு முந்திய வாரம், ஏழாம் நம்பர் மலையில் மத்தியானக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு சவுக்கு மரத்தடியில் ஒதுங்கினார்கள். காளியாயியின் இடுப்பில் பொலித்தீன் பையில் சுற்றிச் செருகியிருந்த போன் அடித்தது. அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள். இடி விழுந்தது. சுலக்ஷனா அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

காளியாயிக்கு ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது, அந்த மத்தியானம் அவள் தலைக்குள் இல்லை. மழை பிடித்ததும் தெரியாது, மரத்தடியும் தெரியாது. இடது காது அடைத்துப் போயிருந்தது. இடது கை விரல்கள் எதையும் இறுகப் பிடிக்க மறுத்தன. போன் கருகிக் கட்டியாகிவிட்டது. நடந்ததெல்லாம் அவளுக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். பிறர் என்றால் ஆண்டியப்பன் கங்காணி. கொழுந்து எடுக்கும் கூட்டத்தை மேய்ப்பவர் அவர். தூரத்திலிருந்து பார்த்த ஒரே ஆளும் அவர்தான்.

"போன் அடிச்சிச்சு. எடுத்தா. இடி விழுந்திச்சு" என்றார்.

கங்காணி பொய் பேசுகிறவர் அல்ல. பார்த்ததை, பார்த்த வரிசையில் சொன்னார். அந்த வரிசையே தீர்ப்பாகிவிட்டது. போன்தான் இடியைக் கூப்பிட்டது என்று மேல்பிரிவு முழுக்க முடிவு கட்டியது. யார் அழைத்தது என்று பழனியாண்டியைக் கேட்டார்கள். தான் இல்லை என்றான். கம்பெனிக்காரர்களின் விளம்பரமாக இருக்கும் என்று அதையும் அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து பெரட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும்போது, கங்காணி ஒரு பெரிய பிஸ்கட் டின்னை நீட்டுவார். எல்லோரும் போனை அதற்குள் போட வேண்டும். டின் நாள் முழுக்கக் கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இருக்கும். மலையில் ஒரு போன் இருக்காது. கங்காணிக்கு மேலதிகாரியான கண்டாக்கு ஐயாகூட இதைக் கண்டு மெச்சினார். அவர் மெச்சியது, போன் இல்லாவிட்டால் கைகள் வேகமாக ஓடும் என்பதற்காக.

அழகம்மா மருமகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காளியாயி தாங்கியிருப்பாள், திருப்பி அழுதிருப்பாள், விசயம் ஒரு மழைக்காலத்தோடு கரைந்திருக்கும். கிழவி பேச்சையே நிறுத்திவிட்டாள். சமைப்பாள், தட்டில் போட்டு மூடி வைப்பாள். சொல்ல வேண்டியதை அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "அரிசி முடிஞ்சிருச்சு" என்று அடுப்பிடம் சொன்னால் காளியாயி கடைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். மகளின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது மட்டும் மருமகளைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று காளியாயிக்குத் தெரிந்துதான் இருந்தது, அல்லது தெரியும் என்று நினைத்தாள்.

கொழுந்தெடுக்க இரண்டு கையும் வேண்டும். வேலைப் பதிவிலிருந்து அவளுடைய பேரை வெட்டிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து அடுப்போடு மாமியார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த இடியைக் கூப்பிட்டது தானா இல்லையா என்று யாராவது நிச்சயமாகச் சொல்ல வேண்டும். இல்லை என்றால், அதை அழகம்மா கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் இஷ்ரா வந்தாள். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நஜீம் நானாவின் மகள். பல்கலைக்கழகத்தில் மின்னல் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. மின்னலைப் பற்றி எல்லாம் தெரிந்த காலத்தில் இதென்ன ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மின்சாரம் சேர்கிறது என்பது வரைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் உள்ளே போய் அளந்தவர்களுக்கு, காற்றைப் பிளக்கும் அளவுக்கு அங்கே பலம் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தும் மின்னல் தொடங்கிவிடுகிறது. அந்த முதல் பொறி எந்த இடத்தில், எப்படிப் பிறக்கிறது என்பது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாத விசயம். அதற்காக டயகம, றொசல்ல, ஹட்டன் என்று மலைக்கு ஒன்றாக உணர்கம்பங்கள் நட்டிருந்தார்கள். வட்டவளைப் பக்கம் ஒன்று குறைந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை ஏழாம் நம்பர் மலை உச்சியில் இடம் கொடுத்தார்.

இடம் கொடுத்தார், ஆள் கிடைக்கவில்லை. கம்பத்தின் சூரியத் தகட்டைத் துடைக்க வேண்டும், கொடி ஏறாமல் வெட்டிவிட வேண்டும், பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற அந்தக் கம்பை இடி வாங்கும் கம்பு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். யாரும் பக்கத்தில் போகத் தயாராயில்லை. காளியாயி போனாள்.

"இடிக்கு இவளத்தான் புடிச்சிருக்கு, இடிக்கிட்டயே வேலைக்குப் போயிட்டா" என்று லயத்தில் பேச்சு. நியாயமான கிண்டல்தான், வேறு ஆளைப் பற்றியிருந்தால்.

"இது கூப்பிடுற கம்பு இல்ல அக்கா, கேக்குற கம்பு" என்றாள் இஷ்ரா முதல் நாளே. "பழைய ரேடியோல பாட்டு கேக்கக்குள்ள மின்னல் அடிச்சா கரகரன்னு வருமே, அந்தச் சத்தத்ததான் இது கேக்குது. மின்னல் கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தியே, மேகத்துக்குள்ள மொதப் பொறி வெடிக்கக்குள்ளயே சின்னதா ஒரு கரகரப்பு வரும். ஒவ்வொரு மலைக்கும் அது வந்து சேர்ற நேரத்துல ஒரு துளி வித்தியாசம் இருக்கும். அத வெச்சு எந்த எடத்துல வெடிச்சதுன்னு கண்டுபுடிச்சிடலாம். மேல வானத்துல சுத்துற செய்மதியும் வெளிச்சத்தப் பாக்கும். ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பார்ப்போம்."

காளியாயி வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டாள். பிறகு, "மிஸ், போன வருசம் சித்திரைக்கு முந்தி அடிச்ச இடியையும் கேட்டிருக்குமா?" என்றாள்.

இஷ்ராவுக்கு அந்தக் கதை தெரியும். ஹட்டனில் எல்லோருக்கும் தெரியும்.

"உங்க கம்புதான் புதுசு. மத்ததெல்லாம் அப்பவே இருந்திச்சு. தேடலாம்" என்றாள். சற்று யோசித்து, "ஆனா அக்கா, பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். உங்களுக்குப் புடிச்ச மாதிரித்தான் இருக்கும்னு சொல்ல ஏலாது" என்றும் சொன்னாள்.

நல்ல பிள்ளை, ஆறுதலுக்காக அந்த இடத்திலேயே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. காளியாயிக்குத்தான் அன்றிலிருந்து பயம் பிடித்தது. தேடிப் பார்த்து, உங்கள் கையிலிருந்துதான் தொடங்கியது என்று வந்து சொல்லிவிட்டால்? தெரியாமல் இருப்பதில் ஒரு ஒதுங்குமிடம் இருந்தது. அதையும் கேட்டுக் கெடுத்துக்கொண்டோமே என்று பல நாள் தன்னையே நொந்துகொண்டாள்.

பதில் வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது, இடிமழையும் வந்தது. கம்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இஷ்ராவின் ஆட்கள் ஆளுக்கொரு போன் கொடுத்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு மூன்று மலைக்கு அப்பால் மின்னல் தொடங்கினாலே போனுக்கு ஒரு செய்தி வரும். உடனே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஒரு மத்தியானம் காளியாயி உச்சியில் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தலைக்கு மேலே வெயில். றொசல்லப் பக்கம் மட்டும் மேகம் கறுத்து நின்றது. கீழே சரிவில் ஆண்டியப்பன் கங்காணியின் கூட்டம் குனிந்த தலை நிமிராமல் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது.

"எறங்குங்க! இடி வருது, எல்லாரும் எறங்குங்க!" என்று கத்திக்கொண்டு அவள் இறங்கினாள். கையில் போன் இருந்தது. அதுதான் தப்பாகப் போனது.

கூட்டத்தில் அம்மாக்கண்ணு என்பவள்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ, போனோட வாறாடி! கிட்ட வராத, காளியாயி! அத வீசிப்போடு!"

காளியாயி ஓரடி வைத்தால் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. விளக்கம் சொல்ல வாயெடுத்தாள், யாரும் கேட்பதாயில்லை. போனை வீசிவிடலாமா என்று நினைத்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அவர்கள் பின்வாங்குவது கீழ்ப்பக்கமாக, மடுவத்தை நோக்கி. காளியாயி போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினாள்.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூடையைத் தலையில் மாட்டியபடி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு காலைத் தட்ட, சாமிகள் பேரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். இடது பக்கம் பிரிந்து தேயிலைக்குள் பதுங்கப் பார்த்த இரண்டு பேரையும் அவள் வளைத்து விரட்டினாள். எல்லோருக்கும் முன்னால் ஓடி மடுவத்துக்குள் முதலில் நுழைந்தவர் கங்காணி. கடைசி ஆளும் உள்ளே போனபோது மழை பிடித்துவிட்டது. காளியாயி வாசலில் நின்றாள். போனோடு அவளை உள்ளே விட யாருக்கும் தைரியமில்லை. கங்காணி கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, எட்டி நின்று நீட்டினார். அவள் போனை அதற்குள் போட்டாள். வழிவிட்டார்கள். அவள் உள்ளே வந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஏழாம் நம்பர் மலையில் இடி விழுந்தது. மடுவத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

சத்தம் அடங்கியது. அம்மாக்கண்ணுதான் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாட்டப் பத்துற மாதிரியில்ல பத்திக்கிட்டு வந்திட்ட!"

மறுநாளும் கங்காணி பெரட்டில் டின்னை நீட்டினார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் தன்னுடைய போனை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் செய்தி தன் நம்பருக்கும் வருமா என்று காளியாயியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். வலப்பக்கமாக வந்து நின்று கேட்டார்.

கார்த்திகையில் இஷ்ரா மடிக்கணினியோடு வந்தாள். கம்பத்தடியில் ஒரு பொலித்தீன் தாளை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். திரையில் மலைகளின் கோடுகள், அவற்றின் மேலே நிறம் நிறமாகப் புள்ளிகள். நீலப் புள்ளி முதலில் வந்தது, சிவப்பு கடைசியில் வந்தது என்றாள். காளியாயி நீலத்தைத் தேடினாள். அது வட்டவளையிலேயே இல்லை.

"றொசல்லக்கு மேல" என்றாள் இஷ்ரா. "இந்த மலைய விடப் பல மடங்கு ஒசரத்துல, மேகத்துக்கு நடுவுல. மொதக் கரகரப்பு அங்கதான். அதே எடத்துலதான் செய்மதியும் மொத வெளிச்சத்தப் பார்த்திருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது. அங்கருந்து கெளை விட்டு, மேகத்துக்குள்ளயே இவ்வளவு தூரம் வந்து, இங்க எறங்கியிருக்கு. எல்லாம் கண் மூடித் தெறக்குற நேரம்."

"என் கையில இருந்து?"

"இல்லவே இல்ல அக்கா. தரைக்குக் கிட்ட வந்த பொறகுதான் எதுல எறங்குறதுன்னு முடிவாகும். அங்க ஒசரமா நின்னது அந்த மரம். போன் அடிச்சிருந்தாலும் அடிக்காட்டியும் அது அந்த மரத்துலதான் விழுந்திருக்கும். அங்க ஏன் தொடங்கிச்சுன்னு கேட்டீங்கன்னா எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்க தொடங்கிச்சுன்னு தெரியும்."

பிறகு இஷ்ரா இன்னொன்றையும் கேட்டாள்: அப்போது இரண்டு பேரும் எங்கே நின்றீர்கள்? கங்காணி சொன்னதைக் காளியாயி சொன்னாள். சுலக்ஷனா மரத்தில் சாய்ந்து நின்றாளாம். இவளோ, போன் அடித்ததும் எடுத்து, மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று மரத்தை விட்டு விலகிப் பாதைக்கு இறங்கினாளாம்.

இஷ்ரா தயங்கிச் சொன்னாள். "அப்ப அந்தப் போன்தான் உங்களக் காப்பாத்தியிருக்கு. மரத்த ஒட்டி நின்னவங்களுக்குத்தான் மொத அடி."

இதைக் கேட்டால் மகிழ்ச்சி வர வேண்டும். காளியாயிக்கு ஆத்திரம்தான் வந்தது. அடித்ததுதான் அடித்தது, அந்தச் சனியன் பிடித்த போன் சுலக்ஷனாவின் இடுப்பில் அடித்திருக்கக் கூடாதா? சிறுக்கி, கூடவே இரண்டு எட்டு இறங்கி வந்திருக்கக் கூடாதா? நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள். இஷ்ரா திரையை மூடவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் தானே சொல்லவா என்று கேட்டாள்.

"வேணாம் மிஸ். நானே சொல்லுறேன்."

அவள் லயத்துக்கு வந்தபோது அழகம்மா வாசலில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காளியாயி செருப்பைக் கூடக் கழற்றவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னாள். இடி றொசல்லக்கு மேலே மேகத்துக்குள் தொடங்கியது. அங்கிருந்து வந்து மரத்தில் இறங்கியது. கம்புகளும் கேட்டிருக்கின்றன, செய்மதியும் பார்த்திருக்கிறது. போன் அதைக் கூப்பிடவில்லை. தான் உயிரோடிருப்பது ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகளைப் பறிகொடுத்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

கிழவியின் விரல்கள் அரிசிக்குள் நின்றுவிட்டன. அவள் அடுப்பைத் தேடவில்லை, சுவரைத் தேடவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"போன்ல பேசினதால இல்லயா?"

"இல்ல மாமி."

"கூப்புட்டவங்களாலயும் இல்லயா?"

காளியாயிக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு கூப்பிட்டா என்ன மாமி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

சுளகு மடியிலிருந்து நழுவி அரிசி வாசலெல்லாம் சிந்தியது. அழகம்மா அதை எடுக்கப் போகவில்லை.

"நான்தான்டி கூப்புட்டேன்" என்றாள். "றொசல்லப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்திச்சு. ரெண்டு பேரையும் சுருக்கா எறங்கி வரச் சொல்லலாம்னு போன்ல கோல் எடுத்தேன். நீ அலோன்னு சொன்ன. அப்பறம் ஒண்ணுமே கேக்கல. நான்தான் எம்புள்ளயக் கொன்னுட்டேன்னு… ஒன் காதையும் கையையும் நான்தான்… எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்கூடப் பேசுவேன்?"

ஒன்றரை வருடமாகத் தன்மேல் கோபம் என்று நினைத்த அந்தப் பார்வை என்னவென்று காளியாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததை அவள் இப்போது சொன்னாள்.

"மாமி, நீங்க கூப்பிட்டதாலதான் நான் மரத்த விட்டுத் தள்ளி வந்தேன். இல்லாட்டி நானும் போயிருப்பேன்."

கிழவி அழுதாள். வாய்விட்டு, லயமே எட்டிப் பார்க்கிற மாதிரி, மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். காளியாயி அவளுடைய கையைத் தன் இடது கையால் பிடித்தாள். விரல்கள் இறுகவில்லை. கிழவிதான் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். என்ன, ஏது என்று கேட்டார்கள். அழகம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மருமகளின் வலது காதுப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க தொடங்கிச்சுன்னு சொன்ன?" என்றாள். "இன்னொருக்காச் சொல்லு."